நாற்பத்தேழு தலை, நாற்பத்தெட்டுக் குரல்

நாற்பத்தேழு. மறுபடியும் நாற்பத்தேழுதான். ஜன்னல் பக்கம் பதினாறு, நடுவில் பதினெட்டு, கதவுப் பக்கம் பதின்மூன்று. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது முறையாக எண்ணியிருக்கிறேன். பதிவேட்டில் இந்த வகுப்புக்கு நாற்பத்தெட்டுப் பெயர். நேற்று நாற்பத்தெட்டுப் பேர் வந்ததாக இருக்கிறது, முந்தாநாளும் நாற்பத்தெட்டு, அதற்கு முந்தின நாளும். குற்றவியல் இரண்டாம் ஆண்டு, மதியம் இரண்டு மணி வகுப்பு. முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. வருகை எடுப்பது கடைசி ஐந்து நிமிடத்தில். அது நான் கொண்டுவந்த விதி. முதலில் எடுத்தால் பெயர் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறார்கள் என்று, மாணவர் முன்னேற்ற மையத்தின் இயக்குநராகச் சேர்ந்த முதல் மாதமே சுற்றறிக்கை அனுப்பினேன், அமலோற்பவம், இயக்குநர் என்று கையெழுத்துப் போட்டு. அதனால் இப்போது நானும் கடைசி ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பதினான்காம் எண் இசக்கிராணி. அந்த எண்ணைக் கூப்பிடும்போது யார் வாயிலிருந்து குரல் வருகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பார்த்துவிட்டு எழுந்து போய்விடலாம். மேலே மின்விசிறி சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எதிலோ லேசாகத் தட்டுகிறது. தட்டு, தட்டு, தட்டு. அதையும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். நிறுத்த வேண்டும்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாளைக்குப் பத்து மணிக்கு ஆட்சிக்குழுக் கூட்டம், அதில் வைக்க வேண்டிய அறிக்கை மேஜைமேல் இருந்தது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்தப் பருவத்தில் ஒரு மாணவர்கூட இடையில் நிற்கவில்லை. அந்த வரியை நானே எழுதினேன், எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்தேன், வாயில் வைத்திருக்க இனிப்பாக இருந்தது. கையெழுத்துப் போடும் முன் எதையாவது ஒன்றைச் சரிபார்ப்பது என் வழக்கம். எதையாவது ஒன்றை, கண்ணை மூடித் தொட்டதை. தொட்டது இந்த வகுப்பு. விடைத்தாள் கட்டில் நாற்பத்தேழு தாள். போன மாதம் இருபதாம் தேதி நடந்த உள்தேர்வு. அன்றைக்கு வருகை நாற்பத்தெட்டு. எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் சண்முகவடிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தாள் எங்கேயாவது ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும் மேடம்," என்றாள். தேடச் சொன்னேன். தேடினாள். "பதினாலாம் நம்பர் தாள்தான் இல்ல. அந்தப் பிள்ளை நூறு சதவீதம் வந்திருக்கு. பட்டியல்ல பச்சையில நிக்குது. சிவப்புல நிக்கிற பிள்ளைய விட்டுட்டுப் பச்சையில நிக்கிறதப் போய்த் தேடுதீங்களே மேடம்." சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கணினியில் பார்த்தால் அந்தப் பச்சைப் பெண் பதினாறு வேலை நாளாக நூலகத்தில் நுழையவில்லை, ஒப்படைப்பு ஒன்றும் கொடுக்கவில்லை, அடையாள அட்டையை எந்த வாசலிலும் காட்டவில்லை. பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அவள் செய்த ஒரே காரியம் "யெஸ் சார்" என்று சொன்னதுதான். அவளுடைய கைபேசிக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள், பொறுமையாக, மறுபடி மறுபடி. வீட்டு எண்ணுக்கு நான் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? முதலில் உறுதி செய்துகொள்ளலாம் என்று. வீணாகப் பெற்றோரைப் பயமுறுத்தக் கூடாது என்று. இரண்டு காரணமும் நல்ல காரணம். நல்ல காரணங்கள் எனக்கு எப்போதும் சீக்கிரம் கிடைத்துவிடும்.

வீரபாகு பாடம் நடத்துகிறார். கௌரவ விரிவுரையாளர், நல்ல பிள்ளை, நான் உள்ளே நுழைந்ததும் சுண்ணக்கட்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. "மேடம், முன்னாடி வந்து உட்காருங்க." "நீங்க நடத்துங்க சார், நான் சும்மா பின்னாடி இருக்கேன்." அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்தேழு முதுகுகள், ஒன்றுகூட அசையவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் இப்படி உட்காரமாட்டார்கள். இன்றைய பாடம் சிறை நிர்வாகம். விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி, தனித்தனியாக அடைப்பது ஏன், நன்மை என்ன. கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறார். அந்தக் கட்டம் உண்மையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஈரச் சாக்கும் பினாயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாடை, காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அப்பும். இருபத்துநாலு வயதில் பெண்கள் சிறையில் உதவி அலுவலராகச் சேர்ந்தேன். முதல் நாளே எண்ணச் சொன்னார்கள். வரிசை வரிசையாகத் தரையில் நெருங்கி உட்காருவார்கள், முக்காடு போட்டுக்கொண்டு, தலை குனிந்து. நடந்துகொண்டே ஒவ்வொரு தலையையும் விரலால் தொட்டு எண்ண வேண்டும். பெரிய வார்டர் சாரதாம்பாள் சொல்லிக்கொடுத்தது அது. "பேரைக் கூப்பிடாதீங்கம்மா. பேரைக் கூப்பிட்டா எவளாச்சும் எவளுக்காச்சும் பதில் சொல்லிருவா. தொட்டு எண்ணுங்க. தலை பொய் சொல்லாது." எண்ணிக்கை குறைந்தால் மணி அடிக்கும், சமையல் நிற்கும், எல்லாம் நிற்கும். சரியாக இருந்தால் புத்தகத்தில் கையெழுத்து. எட்டு வருடம், காலையும் மாலையும். அதனால்தானோ என்னவோ, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் எண்ணுகிறேன். பேருந்தில் எண்ணுகிறேன். என் வலதுகை ஆள்காட்டி விரல் இப்போதும் மடியில் தானாக அசைந்துகொண்டிருக்கிறது.

நாற்பத்தெட்டு. இல்லை, பொறு. நடு வரிசையில் பத்தொன்பது வந்தது. எப்படி வந்தது? யாரும் உள்ளே வரவில்லை, கதவு சாத்தியே இருக்கிறது. மூன்றாவது பெஞ்ச், இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாவது அசையவில்லை. மெரூன் நிறத் துப்பட்டா, தோள் போலக் கொஞ்சம் சரிந்த ஒரு வளைவு, தலை போல ஒரு குவியல். என் பிடரியில் யாரோ ஈரக் கையை வைத்தது போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பை. பெஞ்சின் மேல் நிற்க வைத்த பை, அதன்மேல் துப்பட்டாவைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு பெண், இந்தப் பக்கம் ஒரு பெண். இருவரும் நடுவில் ஒரு ஆள் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற பெஞ்சுகளில் நெருக்கியடித்து இருக்கிறார்கள், இங்கே மட்டும் இடம். முன்பகுதியில் நின்று பார்க்கிறவருக்கு, அதுவும் வீரபாகுவைப் போலப் புத்தகத்தைப் பார்த்தே பேசுகிறவருக்கு, வரிசை நிறைந்திருப்பதாகத்தான் தோன்றும். இடப்பக்கப் பெண் ஃபர்ஹானா, வலப்பக்கத்தில் சுடலி. இசக்கிராணியும் இவர்களும் வளாகத்துக்கு வெளியே ஒரே அறையில் வாடகைக்கு இருப்பதாகப் படிவத்தில் இருந்தது. படிவத்தில் புகைப்படமும் இருந்தது, மஞ்சள் பின்னணி, நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் எடுத்துவிட்ட முகம். காலையிலிருந்து நாலு தடவை பார்த்தேன், இப்போது நினைத்துப் பார்த்தால் பொட்டுதான் வருகிறது, முகம் வரவில்லை. நேரில் இந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேனா? முதலாண்டு வரவேற்பில் எல்லோருக்கும் கை கொடுத்தேன். அவளுக்கும் கொடுத்திருப்பேன்.

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வில் ஒருவர் கேட்டார், சிறையில் இருந்தவங்க மாணவர்களுக்கு என்ன செய்வீங்க என்று. இருந்தவங்க என்றதும் மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன், அங்கேயும் இங்கேயும் ஒரே வேலைதான் சார், எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். வேலை கிடைத்தது. சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினேன். முன்பெல்லாம் ஒரு பிள்ளை வராமல் போனால் பருவ முடிவில்தான் தெரியும், அதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும், அல்லது பனியன் கம்பெனியில் இருப்பாள். இப்போது அப்படி இல்லை. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அப்பாவின் கைபேசிக்குத் தானாகவே செய்தி போய்விடும். உங்கள் மகள் மூன்று நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. பட்டியலில் பெயர் சிவப்பாகிவிடும். மூன்று பருவத்தில் சிவப்பு குறைந்து குறைந்து போன மாதம் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. திரை முழுக்கப் பச்சை. பார்க்க வயல் மாதிரி இருந்தது, துணைவேந்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சிவப்புகூட இல்லையே என்று எனக்கு ஏன் உறுத்தவில்லை? ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருத்திக்குக்கூடக் காய்ச்சல் வரவில்லையா, பாட்டன் சாகவில்லையா? உறுத்தியது. உறுத்தியது என்பதுதான் உண்மை. ஒரு கணம், செருப்புக்குள் மணல் போல. உதறிவிட்டு நடந்துவிட்டேன்.

தாயம்மாளுக்கும் அப்படித்தான். இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். வீரபாகு மூன்றாவது கட்டம் போடுகிறார். நோயுற்ற கைதிகள். தாயம்மாளுக்கு நெஞ்சில் சளி, ஒரு மாதமாக இருமல். ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கைதிகளின் பிள்ளைகள் வந்து அம்மாவைப் பார்க்கும் நாள், சிறைப் பேச்சில் மனு. மாதத்தில் ஒரு நாள்தான் அப்படி. காலை ஆறு மணிக்கு எண்ணினேன், ஐம்பத்திரண்டு, சரி, கையெழுத்து. பிள்ளைகள் வந்தார்கள், கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே கூச்சல், ஒரு பொம்பளை தன் மகனுக்கு வலை வழியாகவே மூக்கைத் துடைத்துவிட்டாள், விரல் நுனி மட்டும்தான் போயிற்று. எல்லாம் முடிந்து பிள்ளைகளை அனுப்பிய பிறகு மூன்று பேர் என் முன்னால் வந்து நின்றார்கள். "அம்மா, தாயம்மா விடியக்காலையிலேயே போய்ச் சேர்ந்துட்டா." எனக்குப் புரியவில்லை. "எங்கே போனா?" என்று கேட்டேன். "செத்துப் போயிட்டா அம்மா. காலையில சொன்னா மனுவ நிப்பாட்டிருவீங்க. பிள்ளைக வாசல்ல வந்து நின்னுட்டுத் திரும்பிப் போகும். அதான் நடுவுல வச்சுப் பிடிச்சுக்கிட்டோம்." நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தோள் கொடுத்து, முக்காட்டை இழுத்துவிட்டு. நான் அந்த வரிசையில் நடந்திருக்கிறேன். தொட்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடமாக நான் சொல்லிவருவது, எனக்குத் தெரியவில்லை, முக்காட்டின் மேல்தான் தொட்டேன், துணி தடிப்பு என்று. விசாரணையிலும் அதுதான் சொன்னேன். இறந்த நேரம் மதியம் பன்னிரண்டு நாற்பது என்று எழுதினார்கள், கீழே நான் கையெழுத்துப் போட்டேன். கைதிகளின் தாய்மை பற்றி மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்தக் கதையைச் சொல்வதுண்டு, எல்லோரும் கண் கலங்குவார்கள். ஆனால் துணி தடிப்பு இல்லை. நைந்த நூல் சேலை. முப்பத்தாறாவதாக என் விரல் ஒரு தலையில் பட்டது, அது தரை மாதிரி குளிர்ந்திருந்தது, விரலுக்குத் தெரிந்தது, விரல் நின்றது, நான் முப்பத்தேழு என்றேன். முப்பத்தெட்டு என்றேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் மற்றதைப் பார்க்கவில்லை.

இன்னும் பன்னிரண்டு நிமிடம். அவள் எங்கே இருப்பாள்? ஓடிப் போயிருக்கலாம், எவனையாவது பிடித்து எங்கேயாவது சந்தோஷமாக இருக்கலாம், இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும். அல்லது ஏதோ ஒரு விடுதி அறை, வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது. அல்லது தண்டவாள ஓரம். அல்லது ஒரு பிணவறையில் பெயரில்லாமல், காலில் ஒரு எண் கட்டி, அங்கே போலீஸ்காரர் காணாமல் போனவர்கள் பட்டியலைப் புரட்டுகிறார். பட்டியலில் அவள் இல்லை, எப்படி இருப்பாள், அவள் காணாமல் போகவில்லையே, நேற்றுக்கூட இரண்டு ஐம்பதுக்கு வகுப்பில் இருந்திருக்கிறாள், பல்கலைக்கழகப் பதிவேடு சொல்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைத் தேட முடியாதபடி செய்துவிட்டோம். அல்லது ஒன்றுமே இல்லை. தாள் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். சண்முகவடிவு சொன்னதுதான். அடையாள அட்டை தொலைந்திருக்கும். இன்றைக்கு மட்டும் வயிற்றுவலி என்று அறையில் படுத்திருப்பாள், அதனால்தான் நாற்பத்தேழு. அப்படியானால் இப்போதே எழுந்து போய்விடலாம். போய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்குக் கூட்டம் முடிந்ததும், மதியம், சாவகாசமாக விசாரிக்கலாம். ஒரு நாள்தானே. இருபத்திரண்டு நாள் போனதற்கு இன்னும் ஒரு நாள். ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? இதை யார் கேட்கிறார்கள்? என் குரல் மாதிரியே இருக்கிறது.

வீரபாகு பதிவேட்டைத் திறக்கிறார். தலை குனிந்துவிட்டது, இனி நாற்பத்தெட்டு முடியும்வரை நிமிரமாட்டார். "ஒண்ணு." யெஸ் சார். "ரெண்டு." யெஸ் சார். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முதுகு லேசாக அசைகிறது, குரலையும் முதுகையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டே வருகிறேன். ஐந்து, ஆறு, ஏழாவது பையனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பத்து. பதினொன்று. ஃபர்ஹானாவின் முதுகைப் பார்க்கிறேன், விறைத்து நிற்கிறது. சுடலி கழுத்தைத் தடவிக்கொள்கிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று. "பதினாலு." இல்லை. சத்தம் இல்லை. மின்விசிறி ஒரு தடவை தட்டியது. இன்னொரு தடவை தட்டியது. நாற்பத்தேழு முதுகுகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பேனா காகிதத்துக்கு மேல் நிற்கிறது. அந்த இடைவெளி திறந்துகொண்டே போகிறது, சிறையில் எண்ணிக்கை தப்பியதும் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு நொடி இருக்குமே, அது, அந்த நொடி, யாராவது சொல்லுங்கள், யாராவது ஒருவர் சொல்லித் தொலையுங்கள், வரிசை நிற்கக் கூடாது. "யெஸ் சார்." சொல்லிவிட்டார்கள். அப்பாடா. வீரபாகுவின் பேனா ஒரு டிக் அடித்தது. என் நெஞ்சு இறங்கியது, குரல் எங்கிருந்து வந்தது என்று முதுகுகளைத் தேடினேன். முதுகுகளைக் காணவில்லை. முகங்கள் இருந்தன. வகுப்பு முழுவதும் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் வாய் இன்னும் திறந்திருந்தது. நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது, 'சார்' என்ற சொல் முடிந்த இடத்திலேயே.

"பதினஞ்சு," என்றார் வீரபாகு, தலை நிமிராமல். பதினைந்து பதில் சொல்லவில்லை. எழுந்து நின்றது. பதினைந்து ஃபர்ஹானா. "நேத்து நான்தான் மேடம் சொன்னேன்," என்றாள். கண் என்னை விடவில்லை. "முந்தாநாள் சுடலி சொன்னா. முறை வச்சுச் சொன்னோம். மூணாவது நாள் அவங்க அப்பாவுக்கு மெசேஜ் போயிரும், படிப்ப நிறுத்திருவாருன்னு பயந்துதான். கோயம்புத்தூருக்கு ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு நாள்ல வந்துருவேன்னு சொல்லிட்டுப் பன்னெண்டாம் தேதி பஸ் ஏறினா. நாலாவது நாள்லேர்ந்து போன் எடுக்கல. அதுக்கப்புறம் சொன்னா எங்க எல்லாரையும் நீக்கிருவீங்கன்னு..." சுடலி உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தாள். ஃபர்ஹானா நிறுத்தவில்லை. "இன்னைக்கு நீங்க வந்து உட்கார்ந்ததும் யாரும் சொல்ல வேண்டாம்னு பெஞ்சுக்கு அடியிலேயே சைகை காட்டிக்கிட்டோம் மேடம். கூப்பிடுற நேரம் சத்தம் வரலேன்னா நீங்களே எந்திரிச்சுக் கேப்பீங்க, எல்லாத்தையும் சொல்லிரலாம்னு. நீங்க..." நான் எழுந்தேன். முழங்கால் பெஞ்சில் இடித்தது. வீரபாகு இப்போதுதான் நிமிர்ந்திருந்தார், யார் என்ன சொன்னார்கள் என்று புரியாமல் பதிவேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், பதினாலுக்கு டிக் போட்டுட்டேனே." "அடிச்சிருங்க சார். வரலைன்னு போடுங்க. பதிமூணாம் தேதியிலிருந்து எல்லாத்தையும் அடிச்சு வரலைன்னு போடுங்க, நான் பக்கத்துலயே கையெழுத்துப் போடுறேன். ஃபர்ஹானா, நீ என் கூட வா, போலீஸ் ஸ்டேஷன்ல இத அப்படியே சொல்லணும். உன்ன யாரும் நீக்க மாட்டாங்க." கைபேசியில் வீட்டு எண் காலையிலேயே பதிந்து வைத்ததுதான், ஒரு விரல் தொட்டால் போதும். தொட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள், கையிலேயே வைத்திருந்தது போல. பின்னால் ஒரு கோழி கத்தியது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்க, "ஏட்டி ராணி? நீதானாட்டி?" என்றது. வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "இல்லம்மா," என்றேன். "நான் பல்கலைக்கழகத்திலிருந்து பேசுறேன். ராணி இங்க இல்லம்மா. இருபத்திரண்டு நாளா இல்ல."